ஒற்றை மேசையிலிருந்து பல மேசைப் போட்டிக்கு மாறும்போது போக்கர் ஆட்டமுறையை எப்படித் திருத்திக்கொள்வது?

கேள்வி (பாளையங்கோட்டை)

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரே கல்லூரியில் படித்துவிட்டு இன்று சென்னை, கோவை, பெங்களூரு, துபாய் என்று பிரிந்து கிடக்கும் நண்பர்கள் நாங்கள். இரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமை இரவுகளில் கைபேசிச் செயலி ஒன்றில் டெக்சாஸ் ஹோல்டம் போக்கர் (ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து) ஆடிவருகிறோம். முழுக்க இலவச சிப்களை வைத்துத்தான் ஆடுகிறோம். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடைசெய்வதற்கு முன்பும் எங்களிடையே பணம் புழங்கியதில்லை. நண்பர் ஒருவர் எழுதிவரும் புள்ளிக் கணக்கும், பொங்கல் விடுமுறையில் எல்லோரும் ஊருக்கு வரும்போது நேரில் நடக்கும் இறுதி ஆட்டமும்தான் எங்களுக்குப் பெரிது.

இதுவரை ஒன்பது பேர் அமரும் ஒற்றை மேசை ஆட்டமாகவே நடத்தினோம். தொடக்கத்தில் 1,500 சிப், பிளைண்ட் (ஒவ்வொரு கையிலும் இருவர் முறைவைத்துக் கட்டாயமாகப் போடும் சிப்) 10/20, ஆன்டி (எல்லோரும் ஒவ்வொரு கையிலும் போடும் சிப்) கிடையாது, ஆறு நிமிடத்திற்கு ஒருமுறை பிளைண்ட் உயரும். முதல் மூவருக்கு 45, 27, 18 என்று புள்ளி. அதில் நான் ஆடிய 40 ஆட்டங்களில் 17 முறை முதல் மூன்று இடங்களுக்குள் வந்திருக்கிறேன். மற்றவர்கள் அடித்துக்கொண்டு வெளியேறும்வரை பொறுமையாகக் காத்திருந்து, நான்கைந்து பேர் மிஞ்சியதும் துணிந்து ஆடுவதுதான் என் வழக்கம்.

இந்த ஆண்டு குழு பெரிதாகிவிட்டது. இப்போது 45 பேர் ஐந்து மேசைகளில் ஆடுகிறோம். ஆளுக்கு 5,000 சிப், பிளைண்ட் 25/50 என்று தொடங்கிப் பன்னிரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை உயரும். நடுவில் ஆன்டியும் சேர்ந்துகொள்ளும். முதல் ஏழு இடங்களுக்கு 135, 95, 70, 50, 40, 33, 27 என்று புள்ளி. பதினான்கு போட்டிகளில் ஒரே ஒரு முறை ஏழாவது இடம் கிடைத்தது. எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் ஐந்து முறை வெளியேறினேன். ஒருமுறை 20 பேர் மிஞ்சியிருந்தபோது என்னிடம் 2,400 சிப். பிளைண்ட் 100/200, ஆன்டி 25. மேசையில் ஒன்பது பேர். பட்டனில் (பிளைண்ட் போடும் இருவருக்கும் முந்தைய இடம்) இருந்த எனக்குக் கிங்-பத்து வந்தது, முன்னால் எல்லோரும் ஃபோல்டு செய்து (சீட்டை விட்டு) ஒதுங்கிவிட்டார்கள். நானும் நல்ல கைக்காகக் காத்திருக்கலாம் என்று ஃபோல்டு செய்தேன். அது சரியா?

இதைவிட மனத்தை அரிப்பது வேறொன்று. பொங்கல் இறுதி ஆட்டத்திற்கான தகுதிச் சுற்றில் 27 பேர் ஆடினோம், மூன்று பேருக்கு இடம். நான்கு பேர் மிஞ்சினோம். அதிக சிப் வைத்திருந்த முதல்வரிடம் 24,000, என்னிடம் 16,000, மூன்றாமவரிடம் 12,500, கடைசியானவரிடம் வெறும் 1,500 சிப். பிளைண்ட் 500/1,000. ஸ்மால் பிளைண்டிலிருந்த (500 போட்ட) முதல்வர் ஆல்-இன் அடித்தார், அதாவது தன் சிப் முழுவதையும் பந்தயம் வைத்தார். பிக் பிளைண்டிலிருந்த (1,000 போட்ட) என் கையில் இரண்டு ராணி. கால் செய்தேன், அதாவது ஈடுகொடுத்து நானும் போட்டேன். அவர் ஏஸ்-கிங் காட்டினார், ஆற்றில் (கடைசிப் பொதுச் சீட்டாக) ஏஸ் விழுந்தது, நான் வெளியே. எல்லோரும் துரதிர்ஷ்டம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் தவறு எது என்று சொல்லவும் தெரியவில்லை. ஒரே மாதிரி ஆடுபவன் ஒரு வகைப் போட்டியில் வெல்வதும் மற்றவற்றில் தோற்பதும் ஏன் என்று விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 (அம்பாசமுத்திரம்)

தம்பிக்கு வணக்கம். எனக்கு வயது ஐம்பத்தெட்டு, ஆகவே தம்பி என்றே அழைக்கிறேன். கேள்வியில் எண்களைத் தெளிவாகத் தந்திருப்பதால் பதில் சொல்வது எளிதாகிறது.

எங்கள் பக்கத்து வயல்களில் கார் பருவத்திற்குக் குறுகிய வயதுள்ள நெல்லையும் பிசானத்திற்கு அதைவிட நீண்ட வயதுள்ள நெல்லையும் போடுவார்கள். வயலும் அதே வயல்தான், வாய்க்காலில் வருவதும் அதே தாமிரபரணித் தண்ணீர்தான். இருந்தும் கார் நெல்லுக்கு உரம் வைக்கிற நாள்கணக்கைப் பிசானத்திற்கும் வைத்தால் பயிர் தேறாது. நீங்கள் செய்திருப்பது ஏறக்குறைய அதுதான்.

ஒற்றை மேசை ஆட்டத்தில் ஒன்பது பேரில் மூவருக்குப் புள்ளி உண்டு. அதாவது மூன்றில் ஒருவருக்கு. முதலிடத்திற்குக் கிடைப்பது மூன்றாமிடத்தைப்போல் இரண்டரை மடங்குதான். ஆகவே சும்மா உயிரோடு இருப்பதற்கே அங்கே விலை உண்டு. 45 பேர் போட்டியில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர்தான் புள்ளி பெறுகிறார், முதலிடம் ஏழாமிடத்தைப்போல் ஐந்து மடங்கு. 450 புள்ளிகளில் 300 முதல் மூவருக்கே போய்விடுகிறது. ஆகவே ஏழாமிடத்தை எட்டிப்பிடிப்பதை இலக்காக வைத்து ஆடுபவர், முதல் மூன்று இடங்களுக்குப் போகத் தேவையான சிப் இல்லாமலேயே அங்கே போய்ச் சேருகிறார். உங்கள் பதிவில் எனக்கு முக்கியமாகப் பட்டது எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் ஐந்து முறை வெளியேறியதுதான். பதினான்கு போட்டிகளில் சராசரி ஆட்டக்காரருக்கே இரண்டு முறைக்குச் சற்று அதிகமாகத்தான் புள்ளி கிடைக்கும் என்பதால் ஒரே ஒரு முறை வந்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் வாசல்வரை போய்ப் போய்த் திரும்புவது காத்திருந்தே கரைந்துபோனதன் அடையாளம்.

இப்போது கிங்-பத்துக்கு வருவோம். ஒன்பது பேரின் ஆன்டி 225, பிளைண்ட் 300, ஆக எந்தச் சீட்டும் பிரிக்கப்படுவதற்கு முன்பே நடுவில் 525 சிப் கிடக்கிறது. உங்களிடம் இருப்பது 2,400. ஒரு சுற்று முடிவதற்குள் 525 சிப் உங்கள் கையை விட்டுப் போய்விடும் என்பதால், யாரோடும் மோதாமல் உட்கார்ந்திருந்தாலே நாலரைச் சுற்றில் கதை முடிந்துவிடும். பிளைண்ட் உயர்ந்தால் இன்னும் விரைவில். பட்டனிலிருந்து ஆல்-இன் அடித்து மற்ற இருவரும் ஒதுங்கிக்கொண்டால் உங்கள் சிப் ஒரே கையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுகிறது. பன்னிரண்டு பெரிய பிளைண்டுக்குச் சமமான சிப்போடு, பின்னால் இரண்டே பேர் இருக்கும்போது கிங்-பத்து தயங்காமல் தள்ள (ஆல்-இன் அடிக்க) வேண்டிய கை. ஃபோல்டு செய்தது தவறு என்றே சொல்வேன்.

ஆன்டி எவ்வளவு மாற்றுகிறது என்பதையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே 100/200 பிளைண்டில் 450 என்று ரெய்ஸ் செய்து (பந்தயத்தை உயர்த்தி) நடுவில் இருப்பதை எடுக்க முயல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆன்டி இல்லாதபோது 300 சிப்புக்காக 450ஐப் பணயம் வைக்கிறீர்கள்; பத்தில் ஆறு முறை எல்லோரும் ஒதுங்கினால்தான் கட்டுபடியாகும். ஆன்டி இருக்கும்போது 525க்காக அதே 450. நூற்றில் 46 முறை ஒதுங்கினாலே போதும். ஆன்டி இல்லாத மேசையில் வளர்ந்தவர்கள் இந்த இடத்தைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள். ஆன்டி தொடங்கிய நிமிடத்திலிருந்து பட்டனிலும் அதற்கு முந்தைய இடத்திலும் நீங்கள் ரெய்ஸ் செய்யும் கைகள் கூட வேண்டும்.

தொடக்கக் கட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். உங்கள் புதிய போட்டியில் நூறு பிளைண்டோடு தொடங்கி, பன்னிரண்டு நிமிடம் அதே நிலையில் ஆடுகிறீர்கள். சிறிய ஜோடிகளை விலை குறைவாக இருக்கும்போது உள்ளே கொண்டுவருவதற்கு இதுதான் காலம். கையில் ஜோடி இருந்தால் பிளாப்பில் (முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டுகளில்) அதே மாதிரி மூன்றாவது சீட்டு சேருவது ஏறத்தாழ எட்டரை முறைக்கு ஒருமுறை. சேரும்போது எதிராளியிடம் வாங்குவதற்கு நிறைய சிப் இருந்தால்தான் அந்தக் காத்திருப்புக்குப் பலன். ஆறு நிமிட ஆட்டத்தில் அந்த ஆழம் சீக்கிரமே வற்றிவிடும்.

மறுமொழி 2 (வண்ணார்பேட்டை)

வணக்கம். நான் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன், சீட்டாட்டத்தை நிகழ்தகவுக்காகவே விரும்பிப் படிக்கிறேன். முதல் மறுமொழியில் அண்ணாச்சி சொன்னவற்றை ஏற்றுக்கொண்டு, தகுதிச் சுற்றைப் பற்றி மட்டும் விரிவாக எழுத விரும்புகிறேன். இந்தக் கேள்வியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

பொங்கலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் இருக்கை உறுதியாகிவிட்டால் அது முதல் படுக்கையா கடைசிப் படுக்கையா என்று யாரும் கவலைப்படுவதில்லை. எல்லோரும் ஜங்ஷனில் ஒரே நேரத்தில்தான் இறங்குவோம். தகுதிச் சுற்றும் அத்தகையது. மூன்றாவதாக வருபவருக்கும் முதலாவதாக வருபவருக்கும் கிடைப்பது ஒரே ஓர் இடம்தான். 16,000 சிப்பை 32,000 ஆக்கினால் உங்களுக்கு இரண்டு இடம் கிடைக்கப்போவதில்லை.

இதற்கு ஒரு கணக்குமுறை இருக்கிறது. குதிரைப் பந்தயத்தில் ஒவ்வொரு குதிரையும் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வரும் நிகழ்தகவை, அது முதலில் வரும் நிகழ்தகவிலிருந்தே கணக்கிடும் வழியை டேவிட் ஹார்வில் 1973இல் வெளியிட்டார். அதையே மேசன் மால்மூத் 1987இல் போக்கர் போட்டிகளுக்குப் பொருத்தினார். ஒருவர் முதலிடம் பெறும் வாய்ப்பு, மொத்த சிப்பில் அவருடைய பங்குக்குச் சமம் என்று எடுத்துக்கொண்டு, அவரை நீக்கிவிட்டு மீதமுள்ளோரில் இரண்டாமிடத்தையும் அதேபோல் கணக்கிட்டுக்கொண்டே போக வேண்டும். ஆடுபவர்கள் இதை ஐசிஎம் என்று அழைப்பார்கள்.

உங்கள் ராணி ஜோடிக்கு இதைப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் ஃபோல்டு செய்திருந்தால் முதல்வரிடம் 25,000, உங்களிடம் 15,000, மற்ற இருவரிடம் 12,500உம் 1,500உம் இருந்திருக்கும். நீங்கள் நான்காவதாக வெளியேறும் வாய்ப்பு ஏறத்தாழ 6 சதவீதம் மட்டுமே. அதாவது சுமார் 94 சதவீதம் இடம் உறுதி. 1,500 சிப் வைத்திருந்தவருக்குப் பிளைண்ட் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்தால் உண்மை நிலை இன்னும் சாதகம். முதல்வரிடம் உங்களைவிட சிப் அதிகம் என்பதால் கால் செய்து தோற்றால் எதுவும் மிஞ்சாது. ஆக, கால் செய்வதற்கு நீங்கள் நூற்றுக்கு 94 முறைக்கு மேல் வெல்ல வேண்டும்.

எதிராளி எந்தச் சீட்டையும் பாராமல் தள்ளுகிறார் என்று உங்களுக்கு மிகச் சாதகமாகவே வைத்துக்கொண்டாலும், இரண்டு ராணி வெல்வது 80 சதவீதம். இரண்டு ஏஸ் இருந்தாலும் 85 சதவீதம்தான். அதாவது அந்த இடத்தில் இரண்டு ஏஸையும் ஃபோல்டு செய்வதுதான் சரி. முதன்முதலில் இதைக் கணக்கிட்டபோது என்னாலும் நம்ப முடியவில்லை. தாளில் மூன்று முறை திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஆற்றில் விழுந்த ஏஸ் உங்களைத் தோற்கடிக்கவில்லை; அது விழாமல் நீங்கள் வென்றிருந்தாலும் கால் செய்த முடிவு தவறுதான்.

இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். நீங்கள் எதையும் கால் செய்யக் கூடாது என்பதால், முதல்வர் எந்தச் சீட்டை வைத்தும் உங்களைத் தள்ளலாம். அடுத்த முறை நீங்கள் முதல்வராக இருக்கும்போது, கடைசியாளரை வெளியேற்ற அவசரப்படாமல் நடுவில் இருக்கும் இருவரின் பிளைண்டை எடுத்துக்கொண்டே இருங்கள். ஆனால் எதிரே இருப்பவருக்கும் இந்தக் கணக்குத் தெரிந்திருந்தால்தான் இது செல்லும். ராணி ஜோடியை ஃபோல்டு செய்யத் தெரியாதவர் முன் பலவீனமான கையோடு தள்ளினால் நீங்களே வீணாகக் கரைவீர்கள். அன்று உங்களைத் தள்ளிய நண்பரும் அந்த ஆபத்தைச் சந்தித்தவர்தான்.

அண்ணாச்சியின் கருத்தோடு ஒரு சிறு வேறுபாடு உண்டு. பல மேசைப் போட்டியில் காத்திருக்கக் கூடாது என்பது போட்டி முழுவதற்கும் பொருந்தாது. எட்டு அல்லது ஒன்பது பேர் மிஞ்சி, உங்களைவிடக் குறைந்த சிப்போடு இருவர் தத்தளிக்கும்போது, நடுத்தர அளவு சிப் வைத்திருப்பவர் பெரிய சிப்காரரோடு மோதுவது அங்கும் தவறுதான். ஒற்றை மேசையில் நீங்கள் பழகிய பொறுமை அந்தச் சில நிமிடங்களுக்குத் தேவைப்படும். ஏழு பேர் ஆனதும் அதை மீண்டும் கைவிட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

அண்ணாச்சிக்கும் டீச்சருக்கும் மிக்க நன்றி. இரண்டு ஏஸை ஃபோல்டு செய்ய வேண்டும் என்ற வரியை எங்கள் குழுவில் பகிர்ந்தேன், இரவு ஒரு மணிவரை விவாதம் ஓயவில்லை. இரண்டு ஐயங்கள். பழைய ஒற்றை மேசை ஆட்டத்தில் நான்கு பேரும் சமமான சிப்போடு இருக்கும்போது ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தள்ளினால், நான் ஏஸ்-பத்தோடு எப்போதும் கால் செய்துவந்தேன். அதுவும் தவறா? அடுத்த மாதம் முதல் பவுன்டி முறையையும் கொண்டுவருகிறோம். ஆளுக்குப் பத்துப் புள்ளி என்ற கணக்கில் ஐந்து புள்ளி இடங்களுக்குப் போகும், மீதி ஐந்து அவரை வெளியேற்றுபவருக்கு. அதற்கு எதை மாற்ற வேண்டும்?

மறுமொழி 3 (வண்ணார்பேட்டை)

ஏஸ்-பத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நால்வரும் சமமாக இருக்கும்போது உங்கள் பங்கு மொத்தப் புள்ளி 90இல் கால் பாகம், அதாவது 22.5 புள்ளி. கால் செய்து வென்றால் மொத்த சிப்பில் பாதி உங்களுடையது. முதலிட வாய்ப்பு 1/2, இரண்டாமிடம் 1/3, மூன்றாமிடம் 1/6. அதற்குரிய மதிப்பு 22.5 + 9 + 3 = 34.5 புள்ளி. சிப் இரண்டு மடங்கானாலும் புள்ளி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான் ஆகிறது. 22.5ஐ 34.5ஆல் வகுத்தால் 65 சதவீதம். எந்தச் சீட்டையும் தள்ளுபவருக்கு எதிராக ஏஸ்-பத்து வெல்வது சுமார் 63 சதவீதம். ஆகவே பிளைண்ட் எதுவும் போட்டிராத இடத்தில் ஃபோல்டு. பிக் பிளைண்டில் இருந்தால் ஏற்கெனவே போட்ட சிப் அந்த 65ஐச் சற்று இறக்கும் என்பதால் கால் செய்யலாம். நூலிழை வேறுபாடுதான், பெரிய தவறு என்று சொல்ல மாட்டேன். எதிராளி நல்ல சீட்டாகப் பார்த்துத் தள்ளுபவராக இருந்தால் மட்டும் எங்கிருந்தாலும் ஃபோல்டு.

மறுமொழி 4 (வள்ளியூர்)

பவுன்டி முறையில் எனக்குச் சில ஆண்டுப் பழக்கம் உண்டு என்பதால் எழுதுகிறேன். டீச்சர் காட்டிய கணக்கு அங்கே தலைகீழாகிறது.

நீங்கள் சொன்ன அமைப்பில் தொடக்கத்தில் ஒருவரிடம் இருக்கும் 5,000 சிப்பின் மதிப்பு ஐந்து புள்ளி. அவர் தலைக்கும் ஐந்து புள்ளி. ஆகவே முதல் சில நிமிடங்களில் ஒருவர் 5,000 சிப்போடு ஆல்-இன் அடித்தால், நீங்கள் 5,000 போட்டு வெல்லப் பார்ப்பது அவருடைய 5,000, உங்களுடைய 5,000, தலைப்புள்ளியாக இன்னொரு 5,000க்குச் சமமானது. மூன்றில் ஒரு முறை வென்றாலே நட்டமில்லை. சாதாரணப் போட்டியில் பாதிக்குப் பாதி வேண்டும். அங்கே தூக்கிப் போட்ட ஏஸ்-எட்டும் கிங்-ராணியும் இங்கே கால் செய்யும் கைகள்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு, புதியவர்கள் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். எதிராளியிடம் உங்களைவிட ஒரு சிப் அதிகம் இருந்தாலும் நீங்கள் வென்றபின் அவர் ஆட்டத்தில் இருப்பார், தலைப்புள்ளி கிடைக்காது. அப்போது சாதாரணப் போட்டியின் கணக்குக்கே திரும்ப வேண்டும். ஆகவே பவுன்டி முறையில் கையைப் பார்ப்பதற்கு முன் மேசையில் யாரிடம் எவ்வளவு சிப் என்று பார்ப்பது என் வழக்கம். மேலும், பிளைண்ட் உயர உயர அந்த ஐந்து புள்ளி நடுவில் கிடக்கும் சிப்போடு ஒப்பிடும்போது சிறுத்துக்கொண்டே போகும். கடைசிக் கட்டத்தில் அதற்காகக் கண்டபடி கால் செய்வது நட்டம்.

ஒரே இரவில் இரண்டு வகைப் போட்டியை அடுத்தடுத்து ஆட வேண்டாம் என்பது என் அனுபவம். பவுன்டியில் எல்லாவற்றையும் கால் செய்த கை, அடுத்த அரை மணியில் தகுதிச் சுற்றுக்குள் நுழைந்தால் அடங்காது. இந்தத் தவறை நானே பலமுறை செய்திருக்கிறேன். இப்போது ஆட்டம் தொடங்கும் முன் புள்ளிப் பட்டியலை ஒரு தாளில் கையால் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி கேட்டவர்

சென்ற சனிக்கிழமை ஆடிவிட்டு எழுதுகிறேன். 45 பேர் போட்டிதான். ஆன்டி தொடங்கியதிலிருந்து பட்டனில் எதையும் எளிதில் விடவில்லை. பதினெட்டுப் பேர் மிஞ்சியபோது என்னிடம் 9,000க்கு மேல் இருந்தது. இத்தனை போட்டிகளில் அந்தக் கட்டத்தில் எனக்கு அவ்வளவு சிப் இருந்ததே இல்லை. பிறகு ஒரு பெரிய கையில் பாதிக்கு மேல் இழந்து, பன்னிரண்டு பிளைண்டோடு பட்டனில் மீண்டும் கிங்-பத்து. தள்ளினேன். பிக் பிளைண்டிலிருந்தவர் ஏஸ்-ஜாக்கோடு கால் செய்தார், எனக்கு உதவி வரவில்லை, பதினான்காவது இடம். அந்த மோதலில் எனக்குப் பத்தில் நான்கு வாய்ப்பு இருந்தது என்று பிறகு கணக்கிட்டேன். அடுத்த சனிக்கிழமையும் அதே இடத்தில் அதே கை வந்தால் தள்ளுவேன். பொங்கலுக்கான இரண்டாவது தகுதிச் சுற்று இம்மாதக் கடைசியில். டீச்சரின் 94 சதவீதக் கணக்கைத் தாளில் எழுதி மேசைமேல் வைத்திருக்கிறேன்.